பெயின்ட் பளபளக்குது... பிஸ்டன் தாங்குமா?

பட்டறையிலிருந்து பாதைக்கு வரும் பழைய ஆர்எக்ஸ் 100: ஒரு நேரடிப் பார்வை

கோவை உக்கடத்தை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு பட்டறை. காலை வெயில் ஷட்டருக்குள் பாதி தூரம் நுழைந்திருக்கிறது. பழைய செய்தித்தாள் விரித்த பெஞ்சில் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 எஞ்சின் பாகம் பாகமாகக் கிடக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரரான இளைஞர் பெட்ரோல் டேங்கைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புது பெயின்ட், கீறல் பட்டுவிடக் கூடாதே என்ற பயம். மெக்கானிக் பிஸ்டனைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புகிறார். அதன் பக்கவாட்டில் நான்கு இடங்களில் செங்குத்தான கீறல்கள். அலுமினியம் இளகி, மேலிருந்து கீழாக இழுபட்டிருக்கிறது.

"போர் போட்டு எவ்வளவு ஓடுச்சு தம்பி?"

"இருநூறு கிலோமீட்டர் இருக்கும்ங்ணா. பைபாஸ்ல எண்பதுல போயிட்டிருந்தேன். திடீர்னு பின் வீல் லாக் ஆயிருச்சு."

மெக்கானிக் பதில் பேசாமல் பிஸ்டனை அவர் கையில் கொடுக்கிறார். இந்த வண்டிக்கு முதலில் வேலை பார்த்தது வேறொரு இடம். டிங்கரிங், பெயின்ட், குரோம், புது மீட்டர், புது சீட் என்று வெளியில் தெரியும் எல்லாமே அங்கே மாறியிருக்கிறது. எஞ்சினுக்கு ஒரு போர், ஒரு பிஸ்டன் செட், அவ்வளவுதான். கிராங்க்கை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் யாரோ ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். மாட்டுக் கொட்டகையில் கிடந்த ஆர்எக்ஸ், தாத்தா விட்டுப்போன யெஸ்டி, காயலான் கடைக்குப் போகவிருந்த சுசுகி என எல்லாம் கைமாறுகின்றன. நன்றாக வேலை பார்த்த ஆர்எக்ஸ் 100க்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் பணத்தில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போய்விடுகிறது; வண்டியின் ஆயுளை முடிவு செய்வதோ கண்ணுக்குத் தெரியாத இடம். இந்தக் கோளாறால் நல்ல எஞ்சின்கள் வீணாவதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது இந்தச் சத்தம்?

யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் 1955இல் வந்த ஒய்ஏ-1. ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125ஐப் பார்த்துச் செய்த 125 சிசி டூ ஸ்ட்ரோக் அது. இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து வடிவமைப்பில் ராஜ்தூத் 175ஐத் தயாரித்தது. பிறகு யமஹாவோடு சேர்ந்து 1983இல் ராஜ்தூத் 350ஐக் கொண்டுவந்தது. மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும் உருவாயின. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியே ஒரு காலத்தில் 200 சிசியில் மினி புல்லட் என்ற டூ ஸ்ட்ரோக் வண்டியும், ஜெர்மனியின் சுண்டாப் வடிவத்தில் ஃப்யூரி 175ம் போட்டது. 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியின் 100 சிசி வண்டி வந்தது. அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூரிலிருந்து ஆர்எக்ஸ் 100 கிளம்பியது.

1996 மார்ச்சில் அதன் தயாரிப்பு நின்றது. ஏப்ரல் 1 முதல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. 135 சிசி வாரிசுகள் 2000களின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தன. அதன் பிறகு சாலை முழுக்க ஃபோர் ஸ்ட்ரோக்தான்.

---

பெட்டிச் செய்தி: ஆர்எக்ஸ் 100 ஜாதகம்

தயாரிப்புக் காலம்: 1985 – 1996
எஞ்சின்: 98 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக்
போர், ஸ்ட்ரோக்: இரண்டும் 50 மி.மீ.
திறன்: சுமார் 11 குதிரைத்திறன், 7,500 ஆர்பிஎம்மில்
கியர்: 4
பிரேக்: இரண்டு சக்கரத்திலும் டிரம்
எடை: 100 கிலோவை ஒட்டி
ஆயில்: தனி டேங்க், ஆட்டோலூப் பம்ப்

---

கிராங்க்கைத் திற!

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்கும் பேரிங்குகளும் ஆயிலில் குளித்துக்கொண்டே சுற்றும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த வசதி கிடையாது. கார்பரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல், காற்று, ஆயில் கலவை ரீட் வால்வ் வழியாக முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் நுழைகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, போர்ட் வழியாக மேலே ஏறி சிலிண்டருக்குள் பாய்கிறது. கலவையில் இருக்கும் அந்தச் சொட்டு ஆயிலை நம்பித்தான் கன்ராட் பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாம் உயிர்வாழ்கின்றன.

அதனால்தான் கிராங்க்கின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள் இவ்வளவு முக்கியம். முப்பது வருஷத்து ரப்பர் கல்லாக இறுகிப் போயிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் அந்த இடுக்கில் காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், ஒருநாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். என்ன செய்தாலும் வெள்ளைப் புகை நிற்காது, கியர் பாக்ஸில் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். டூ ஸ்ட்ரோக் என்றாலே இவ்வளவு புகை வரத்தான் செய்யும் என்று நினைத்து இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாய் சீல் பிரச்னை அது. மாற்றத்தான் எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும். அதைத் தவிர்க்கவே பலர் பிளாக்கை மட்டும் கழற்றி, போர் போட்டு, மூடிவிடுகிறார்கள்.

உக்கடம் பட்டறையில் நடந்தது முழு வேலை. கிராங்க்கை லேத் பட்டறைக்கு அனுப்பி, பிரஸ்ஸில் வைத்துப் பின்னைத் தள்ளி, புது கன்ராட் கிட் ஏற்றினார்கள். வித்தையே அதற்குப் பிறகுதான். பிரஸ்ஸில் ஏற்றிய கிராங்க்கின் இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. சென்டரில் மாட்டி, டயல் கேஜ் முள்ளைப் பார்த்தபடி, எந்த இடத்தில் ஆட்டம் காட்டுகிறதோ அங்கே செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்று, மறுபடி பார், மறுபடி தட்டு. ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் வரும்வரை இதே வேலை. அந்த லேத்காரர் தட்டுவதற்கு முன் ஒரு நொடி கையை நிறுத்துவார். எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்று அந்த ஒரு நொடியில் அவர் கை முடிவு செய்கிறது. புத்தகத்தில் படித்து வருகிற வேலையல்ல இது. இந்தக் கை தெரிந்தவர்கள் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் பெயர்தான் காதில் விழும். பழைய பைக் பிரியர்கள் நிஜமாகவே கவலைப்பட வேண்டிய விஷயம் இது. ஸ்பேர் இல்லாவிட்டால் எங்காவது தேடிப் பிடிக்கலாம், கைக்கு எங்கே போவது?

போர் வேலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் போர்ட்டுகள் ஜன்னல்களாகத் திறந்திருக்கும். போர் அடித்ததும் அந்த ஜன்னல் விளிம்புகள் கத்தியாகக் கூர்ந்து நிற்கும். எமரியால் அந்த விளிம்பை இலேசாகச் சாய்த்துவிட வேண்டும். விட்டுவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டன் காடியில் சின்ன ஊசி ஒன்று இருக்கும். ரிங் வாய் அங்கேதான் உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அதைக் கண்மதிப்பில் விடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும் நேரம்

வேலை முடிந்த ஆர்எக்ஸ் ஒன்றை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அதே பட்டறையில் கிடைத்தது. பேரூர் தாண்டி சிறுவாணி ரோடு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் வண்டி நடமாட்டம் குறைவு; மாதம்பட்டிக்கு அப்புறம் தென்னந்தோப்புக் குளிர்.

முதலில் சாவி போடாமலே நாலைந்து முறை மெதுவாகக் கிக்கரை மிதிக்கச் சொன்னார் மெக்கானிக். உள்ளே ஆயில் பரவ வேண்டும். அப்புறம் டேப்பைத் திறந்து, சோக் தூக்கி, சாவியைத் திருப்பி ஒரே மிதி. நீலப் புகை. அசெம்பிள் செய்யும்போது தடவிய ஆயில் எரிந்து தீரும் வரை அது இருக்கும். பிளாக்கின் துடுப்புகளில் சூடு தெரியும் வரை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

புது போர் வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. ஆக்சிலேட்டரைக் கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்து, கியரை மாற்றி மாற்றிப் போக வேண்டும். டாப் கியரில் வேகம் இல்லாமல் திணறடிப்பதும் கெடுதல். முறுக்கிப் பிடித்து விரட்டுவதும் கெடுதல். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஆறவிட வேண்டும். ரிங்கும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று உரசிப் பழகிக்கொள்ளும் காலம் இது. பைபாஸில் எண்பதில் போன அந்த இளைஞர் தவறவிட்டது இந்தப் பாடத்தைத்தான்.

பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டிகளின் இடக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கும். பிஸ்டன் பிடிப்பதற்கு முன் எஞ்சின் சொல்லிவிட்டுத்தான் பிடிக்கும். சத்தம் இறுகும், இழுவை குறையும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதாகத் தோன்றும். அந்தக் கணமே கிளட்சை அழுத்திவிட்டால் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும், ஆளும் பிழைப்பார். அழுத்தாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ரோட்டில் தேய்க்கும்.

ஆலந்துறை வரை எல்லாம் சுமுகம். பாதி ஆக்சிலேட்டரில் சீராகப் போய், அப்படியே சாவியை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டினோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். நடுவில் இருக்கும் பீங்கான் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். மாரி பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். எங்களுடையது ஒரு பக்கம் வெளுப்பு தட்டியிருந்தது. மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டும் என்றார் மெக்கானிக். புது எஞ்சினில் வெளுப்பைவிட கொஞ்சம் கறுப்பே மேல் என்பது அவர் கணக்கு.

திரும்பும் வழியில் அவர் அனுமதித்த அளவுக்கு மட்டும் மூன்றாவது கியரில் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். கீழ் வேகத்தில் சாதுவாக இருந்த எஞ்சின், சைலன்ஸர் வேலை செய்யத் தொடங்கும் இடம் வந்ததும் சட்டென்று முன்னே பாய்கிறது. கை நரம்பு வரை ஒரு அதிர்வு ஏறுகிறது. நூறு கிலோ வண்டிக்கு 11 குதிரைத்திறன் என்று எழுதும்போது சின்ன எண்ணாகத் தெரியும்; அந்தப் பாய்ச்சலில் அது சின்னதாகவே இல்லை. முப்பது வருஷம் கழித்தும் இதற்காக ஏன் அலைகிறார்கள் என்று கேட்பவர்களை ஒருமுறை இந்த வண்டியில் உட்கார வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. கியரைக் குறைத்தால் வண்டி தானாக மட்டுப்படும் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் பழக்கம் இங்கே உதவாது. டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிடிப்பு குறைவு. இருப்பது டிரம் பிரேக். மலை இறக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆட்டோலூப் பம்ப் தொல்லை என்று கழற்றிவிட்டு, லிட்டருக்கு 20 மில்லி என பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஆக்சிலேட்டரை மூடியபடி கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் உள்ளே போகாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. வறண்டு சுற்றும் பிஸ்டன் எத்தனை வளைவு தாங்கும்? இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். பம்ப் இருக்கும் வண்டியில் எஞ்சின் சுற்றும் வேகத்துக்கேற்பக் கொஞ்சமாவது ஆயில் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பம்ப்பைச் சரிசெய்து மாட்டுவதே நல்லது என்பது என் கட்சி.

பெட்ரோலே மாறிப்போச்சு

இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பங்கில் கிடைத்த பெட்ரோல் வேறு, இன்று கிடைப்பது வேறு. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. பழைய ஜெட்டில் அதே அளவு பெட்ரோல் போனாலும் கலவை வறண்டுதான் எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதன் விளைவு கொஞ்சம் மந்தம், கொஞ்சம் மைலேஜ் குறைவு என்ற அளவில் நிற்கலாம். காற்றில் மட்டும் குளிரும் டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கூடுதல் சூடு நேராகப் பிஸ்டன் தலையில் ஏறும். எங்கள் பிளக் வெளுத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் மெக்கானிக்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, உள்ளே துருப்பிடிக்கும். பழைய ரப்பர் டியூப், டேப் வாஷர், கார்பரேட்டர் கேஸ்கெட் எல்லாம் ஊறி உப்பும். ஷோ பீஸாக நிறுத்தி வைப்பவர்களுக்குத்தான் இந்தச் சேதம் அதிகம். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுங்கள். முடியாவிட்டால் டேங்க்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

---

பெட்டிச் செய்தி: பழசை வாங்கும் முன்

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சி புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ராவி மறுபடி அடித்த தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். திருட்டு வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மேக்னெட் கவரைக் கழற்றி, மேக்னெட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிராங்க் வேலை காத்திருக்கிறது.

போர் கடைசி அளவுக்கு, அதாவது 1 மி.மீ. கூடுதல் வரை போய்விட்டதா என்று கேளுங்கள். போயிருந்தால் அடுத்த முறை பிளாக்கில் புது ஸ்லீவ் இறக்க வேண்டும்.

---

சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

சைலன்ஸரின் உள் பைப்பை உருவி எறிந்துவிட்டு, அதிரும் சத்தத்தோடு போவது இந்த மோகத்தின் இன்னொரு முகம். வண்டியை நேசிக்கிற யாரும் இதைச் செய்யக் கூடாது என்பேன். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்ஸர் என்பது எஞ்சினின் ஒரு பாகம். வெளியேறும் புகையோடு எரியாத புதுக் கலவையும் கொஞ்சம் நழுவும். சைலன்ஸருக்குள் மோதித் திரும்பும் அழுத்த அலை அதை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் இந்த அலையை வசப்படுத்திக் காட்டினார். அவரது பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி, அந்த அறிவோடு சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஒரு நாட்டிலிருந்து கடத்திக்கொண்டு போகும் அளவுக்கு மதிப்புள்ள விஷயத்தை நாம் டிரில் போட்டு ஓட்டையாக்குகிறோம். உள்ளே சேர்ந்த கரியைச் சுத்தம் செய்து, பழைய பைப்பையே மாட்டினால் இழுவை தானாக வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது.

புகையைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிட வேண்டும். கார்பரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக், குடிக்கிற பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே வெளியே தள்ளுகிறது. 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை சலுகை உண்டு. சீலும் ஜெட்டும் பம்ப்பும் சரியாக இருக்கும் ஆர்எக்ஸ் அந்த வரம்புக்குள் நிற்கும். ஆபீஸுக்கும் கல்லூரிக்கும் தினமும் இதில்தான் போவேன் என்பவர்களுக்கு என் ஆதரவு கிடையாது. நெரிசலில் நமக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்கும் நுரையீரல் இருக்கிறது. காலியான சாலையில், வார இறுதியில் ஓடட்டும்.

ஆர்டிஓ ஆபீஸ் வாசலில்

15 வயது தாண்டிய பைக்கின் ஆர்சியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக ஏறியது. ஆர்எக்ஸ் 100 எல்லாமே இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். கட்டணத்தைக் காட்டிலும் பெரிய தலைவலி பேர் மாற்றம். நாலு கை மாறிய வண்டியில் முதல் சொந்தக்காரர் பெயரிலேயே ஆர்சி கிடக்கும், அவர் காலமாகியிருப்பார். வாரிசுகளின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. பெயின்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பேப்பர் இல்லாத வண்டி எவ்வளவு அழகாக நின்றாலும் உங்களுடையது ஆகாது.

'விண்டேஜ்' என்ற சொல் இன்று தாராளமாகப் புழங்குகிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே அந்தத் தகுதி. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. 1960களின் ஜாவாக்கள் அந்தப் பட்டியலுக்குத் தகுதியானவை. ஆர்எக்ஸ் 100இன் முதல் வண்டிகள் 2035இல்தான் அந்த வயதைத் தொடும். அப்போது அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஏனென்றால் விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பட்டறைக்குக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். என்னைக் கேட்டால், விதி அனுமதிக்கும் வரை சாதாரண ஆர்சியையே புதுப்பித்துக்கொண்டு, ஞாயிறு காலையில் சிறுவாணி ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன்.